எரிமலை படிக்கலாமா, அண்ணே?



இந்த மாதப் பாடத்தை ஒரு மன்னிப்போடு தொடங்க வேண்டியிருக்கிறது.

பள்ளி விடுமுறையில் தஞ்சோங் மாலிம் வட்டாரப் பிள்ளைகள் சிலரை உலு சிலிம் வெந்நீர் ஊற்றுக்கு அழைத்துப் போயிருந்தோம். சிலிம் ரிவர் பட்டணத்தைத் தாண்டி உள்ளே போனால் அந்த இடம் வரும். முட்டையைப் போட்டால் அவிந்துவிடும், அப்படி ஒரு சூடு. படிவம் ஐந்தில் படிக்கும் ஒரு தங்கச்சி, முட்டைக் கூடையைக் கையில் பிடித்துக்கொண்டே கேட்டாள்:

"அண்ணே, கீழ எரிமலை இருக்கா?"

"இருக்கும்மா, அதான் இப்படிக் கொதிக்குது" என்றேன், எல்லாம் தெரிந்தவன் மாதிரி.

"அப்போ எரிமலையைப் பத்தி பிஎச்.டி. வரைக்கும் படிக்க முடியுமா?"

நான் சிரித்துவிட்டேன். "முதல்ல எஸ்.பி.எம். பாஸ் பண்ணும்மா. அதெல்லாம் வெள்ளைக்காரன் படிக்கிற படிப்பு. வீட்டை வித்தாலும் நமக்குக் காசு பத்தாது." பக்கத்தில் நின்ற பையன்களும் சேர்ந்து சிரித்தார்கள். அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு வேனில் ஏறும் வரைக்கும் வாயைத் திறக்கவில்லை.

வீடு வந்த பிறகு மனசு உறுத்தியது. உட்கார்ந்து தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க வெட்கமாகிவிட்டது. நான் அன்று சொன்னது மூன்று விஷயம். கீழே எரிமலை இருக்கிறது, அது வெள்ளைக்காரர் படிப்பு, வீட்டை விற்றாலும் காசு போதாது. மூன்றுமே தவறு. ஒவ்வொன்றாகத் திருத்துவதுதான் இந்தப் பாடம்.

முதல் தவறு: "கீழே எரிமலை இருக்கிறது"

உலு சிலிம் அடியில் எரிமலை கிடையாது. நம் தித்திவங்சா மலைத்தொடர் பெரும்பாலும் கருங்கல், அதாவது கிரானைட் பாறை. சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பூமிக்கு அடியிலேயே உருகி, அடியிலேயே மெல்ல ஆறி இறுகிய பாறை அது. மழைத் தண்ணீர் பாறை வெடிப்புகள் வழியாக ஆழத்துக்கு இறங்குகிறது. பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டர் இறங்கும்போதும் வெப்பம் ஏறத்தாழ 25 முதல் 30 பாகை கூடும். கிரானைட்டில் இயற்கையாகவே இருக்கும் யுரேனியம், தோரியம் போன்றவையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டை வெளிவிடும். சூடான தண்ணீர் வேறொரு வெடிப்பு வழியாக மேலே வருகிறது. அவ்வளவுதான்.

அப்படியானால் பக்கத்தில் சுமத்ராவில் வரிசையாக எரிமலைகள் இருக்கின்றனவே, நமக்கு ஏன் இல்லை? சுமத்ராவின் மேற்குக் கடலில், இந்தியப் பெருங்கடலைத் தாங்கும் நிலத்தட்டு நம்முடைய தட்டுக்கு அடியில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் நுழைந்துகொண்டிருக்கிறது. கீழே போகும் தட்டு, தன்னோடு கடல் நீரையும் பாறைக்குள் கட்டி எடுத்துப்போகிறது. சுமார் நூறு கிலோமீட்டர் ஆழத்தில் அந்த நீர் கசிந்து மேலே உள்ள சூடான பாறையில் கலக்கிறது. வெல்லக் கட்டியில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து அடுப்பில் வைத்தால் சீக்கிரம் இளகும் அல்லவா? அதுபோலத் தண்ணீர் சேர்ந்த பாறை குறைந்த வெப்பத்திலேயே உருகிவிடும். அதுதான் பாறைக்குழம்பு. இது நடப்பது சுமத்ராவுக்கு அடியில். நாம் அந்த வரிசையிலிருந்து தள்ளி இருக்கிறோம்.

ஆனால் தள்ளி இருப்பதால் நமக்குச் சம்பந்தமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. நம் பேராக்கிலேயே லெங்கோங் பள்ளத்தாக்கு இருக்கிறது. 2012-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த இடம். அங்கே கோத்தா தம்பான் என்ற இடத்தில், ஆதி மனிதர்கள் கல் ஆயுதம் செய்த பட்டறையோடு எரிமலைச் சாம்பலும் கிடைத்தது. அந்தச் சாம்பல், சுமத்ராவில் இன்று தோபா ஏரி இருக்கும் இடத்தில் சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன்பு நடந்த வெடிப்பிலிருந்து வந்தது. 300 கிலோமீட்டருக்கு மேல் காற்றில் வந்து நம் மண்ணில் விழுந்திருக்கிறது. அதே சாம்பல் இந்தியாவில் ஆந்திராவின் ஜுவாலாபுரத்திலும் கிடைத்திருக்கிறது. வெடித்த இடம் உள்ளே சரிந்து உண்டான பள்ளம்தான் நூறு கிலோமீட்டர் நீளமுள்ள இன்றைய ஏரி.

இன்னும் ஒன்று. 1982 ஜூன் 24-ஆம் தேதி கோலாலம்பூரிலிருந்து பெர்த் நகருக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ விமானம், ஜாவாவின் காலுங்கோங் எரிமலைச் சாம்பலுக்குள் நுழைந்தது. நான்கு எஞ்சினும் நின்றுவிட்டன. உள்ளே 250 பேருக்கு மேல். விமானம் கீழே இறங்கிச் சாம்பலை விட்டு வெளியே வந்ததும் எஞ்சின்கள் மறுபடி இயங்கி, ஜகார்த்தாவில் பத்திரமாகத் தரையிறங்கியது. விமானங்களுக்குச் சாம்பல் எச்சரிக்கை கொடுக்கும் மையங்கள் உலகம் முழுக்க அமைவதற்கு இப்படிப்பட்ட சம்பவங்களே காரணம். சுபாங்கில் ஏறிய பயணிக்கும் எரிமலை ஆய்வு தேவைப்பட்டது.

இரண்டாம் தவறு: "அது வெள்ளைக்காரன் படிப்பு"

நம் முன்னோர்களைக் கப்பலேற்றி எங்கெல்லாம் கொண்டுபோனார்கள் என்று ஒரு வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். மலாயாவுக்கு ரப்பர் தோட்டம். பக்கத்தில் சுமத்ராவின் டெலி வட்டாரத்துக்குப் புகையிலைத் தோட்டம். அந்தப் புகையிலை அவ்வளவு பேர் வாங்கியதற்கு எரிமலைச் சாம்பல் மண்தான் காரணம். அப்படிப் போனவர்களின் வாரிசுகள் இன்றும் மேடான் நகரில் வாழ்கிறார்கள். அவர்களுக்குப் பக்கத்து மலையான சினாபுங், நூற்றாண்டுக் கணக்கில் தூங்கிவிட்டு 2010 ஆகஸ்டில் திடீரென்று விழித்தது.

ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே, பிரான்சுக்குச் சொந்தமான ரெயூனியன் தீவுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனார்கள். பெரும்பாலோர் புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் போன தமிழர்கள். அங்கே அவர்களை 'மல்பார்' என்பார்கள். தமிழ் பேச்சு பெரும்பாலும் போய்விட்டது. ஆனாலும் தீமிதி நிற்கவில்லை. அந்தத் தீவில் பித்தோன் த லா ஃபுர்னேஸ் என்ற எரிமலை இருக்கிறது. உலகிலேயே அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் அதுவும் ஒன்று. 1977 ஏப்ரலில் அதன் குழம்பு பித்தோன் சாந்த் ரோஸ் கிராமத்துக்குள் புகுந்து வீடுகளை எரித்தது. ஊரில் இருந்த தேவாலயத்தின் வாசல் வரை வந்து, இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டு போனது. அதற்குப் பிறகுதான் அரசு விழித்துக்கொண்டு அங்கே ஒரு கண்காணிப்பு நிலையம் கட்டியது. 1979 இறுதியிலிருந்து அது வேலை செய்கிறது. பாரிஸ் புவி இயற்பியல் கழகம் நடத்தும் அந்த நிலையத்தில் முனைவர் பட்ட மாணவர்களும் ஆய்வு செய்கிறார்கள்.

கரிபியனில் உள்ள குவாதலூப், மார்த்தினிக் தீவுகளிலும் இதே கதைதான். கரும்பு வெட்டத் தமிழர்களைக் கொண்டுபோன எரிமலைத் தீவுகள். யோசித்துப் பாருங்கள். எரிமலை மண்ணில் மண்வெட்டி பிடித்தவர்களில் நம்மவர்கள் நிறையப் பேர். அந்த மண்ணைப் படிப்பவர்களில்தான் நம் எண்ணிக்கை குறைவு. அதை "நமக்கான படிப்பு இல்லை" என்று சொல்ல எனக்கு என்ன தகுதி?

இந்தப் படிப்பு எதற்கு உதவும் என்பதை இரண்டு சம்பவங்கள் காட்டும்.

1985 நவம்பர் 13. கொலம்பியாவில் நெவாதோ தெல் ரூயிஸ் எரிமலை வெடித்தது. பெரிய வெடிப்புகூட இல்லை. ஆனால் உச்சியில் இருந்த பனி உருகி, சேற்று வெள்ளமாகி, ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக அர்மெரோ என்ற ஊரை இரவில் மூடிவிட்டது. சுமார் 23,000 பேர் இறந்தார்கள். எந்தெந்த ஊருக்கு ஆபத்து என்று காட்டும் வரைபடத்தை ஆய்வாளர்கள் அதற்கு முந்தைய மாதமே கொடுத்திருந்தார்கள். வெடித்ததற்கும் சேறு வந்து சேர்ந்ததற்கும் நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. ஊரைக் காலி செய்ய யாரும் உறுதியாக உத்தரவு போடவில்லை.

1991 ஜூன் 15. பிலிப்பைன்சில் பினாதுபோ வெடித்தது. இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய வெடிப்புகளில் ஒன்று. பிலிப்பைன்ஸ் ஆய்வாளர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து நில அதிர்வையும் வாயுவையும் அளந்து, வரப்போகிறது என்று சொன்னார்கள். அர்மெரோவில் நடந்தது மறுபடி நடக்கக் கூடாது என்று, சேறும் சுடுசாம்பலும் எப்படி ஊரை அழிக்கும் என்ற வீடியோவை அதிகாரிகளுக்கும் மக்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். பல்லாயிரம் பேர் முன்பே வெளியேறினார்கள். குறைந்தது 5,000 உயிர்கள் தப்பின என்பது கணக்கு.

இரண்டு இடத்திலும் எரிமலை ஒன்றுதான், அறிவியலும் ஒன்றுதான். படித்தவர்கள் சொன்னது மக்கள் காதில் விழுந்ததா இல்லையா என்பதுதான் வித்தியாசம். அதனால் இப்போது எரிமலை ஆய்வு என்றால் பாறையும் கருவியும் மட்டும் இல்லை. மக்களோடு பேசுவதும் ஆய்வுதான்.

எந்தப் பாடக்காரர் எந்தக் கதவில் நுழையலாம்?

எரிமலையியல் என்று இளங்கலைப் பட்டம் பெரும்பாலும் எங்கேயும் கிடையாது. வெவ்வேறு பாடங்களிலிருந்து வந்து முனைவர் பட்டத்தில் சேர்கிறார்கள்.

நிலவியல் படித்தவர் பாறையையும் பாறைக்குள் இருக்கும் படிகங்களையும் ஆராய்வார். மரத்தை வெட்டினால் வளையம் தெரிவது போல, படிகத்திலும் அடுக்கடுக்காகத் தெரியும். வெடிப்பதற்கு எத்தனை நாள் முன்பு குழம்பு மேலே ஏறத் தொடங்கியது என்பதை அதிலிருந்து கணக்கிடலாம்.

இயற்பியல், கணிதம் படித்தவர் நில அதிர்வையும், மலை உப்பி இறங்குவதையும் அளப்பார். துணைக்கோள் ரேடார் படங்களை ஒப்பிட்டால் மலை சில சென்டிமீட்டர் வீங்கியிருப்பதுகூடத் தெரியும்.

வேதியியல் படித்தவர் வாயுவை அளப்பார். சோடா புட்டியைக் குலுக்கித் திறந்தால் பொங்குவது எதனால்? உள்ளே கரைந்திருந்த வாயுவால். எரிமலை வெடிப்பதும் பெரும்பாலும் அப்படித்தான். மேலே வரும் கந்தக வாயு எவ்வளவு என்பது ஒரு முக்கியமான தடயம்.

கணினி படித்தவர், ஓயாமல் வந்து குவியும் பதிவுகளில் மாற்றத்தைக் கண்டுபிடிக்க நிரல் எழுதுவார்.

புவியியல், சமூக அறிவியல் படித்தவர் ஆபத்து வரைபடம் தயாரிப்பார். மக்கள் ஏன் வெளியேற மறுக்கிறார்கள், எச்சரிக்கையை எந்த மொழியில் எப்படிச் சொன்னால் கேட்பார்கள் என்று ஆராய்வார். நம் ஊர் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்துவிட்டு "நான் டீச்சர் மட்டும்தான்" என்று நினைக்கும் தம்பி தங்கைகளே, இந்தக் கடைசிக் கதவு உங்களுக்கும் திறந்திருக்கிறது.

நம் நாட்டில் நிலவியல் படிக்க மலாயாப் பல்கலைக்கழகம், மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம், சபா மலேசியப் பல்கலைக்கழகம் ஆகியவை உண்டு. பினாங்கின் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் புவி இயற்பியல் உண்டு. பேராக்கிலேயே ஸ்ரீ இஸ்கண்டாரில் பெட்ரோனாஸ் பல்கலைக்கழகத்தில் புவி அறிவியல் உண்டு. எரிமலை இல்லாத நாடு என்றும் சொல்ல முடியாது. தாவாவ் அருகில் பொம்பாலாய் குன்று பழைய எரிமலைதான். குவாந்தானிலும் சிகாமாட்டிலும் எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய கறுப்புப் பாறை கிடக்கிறது. இளங்கலைத் திட்ட ஆய்வுக்கு அது போதும்.

மூன்றாம் தவறு: "வீட்டை விற்றாலும் காசு போதாது"

இதுதான் நான் செய்த பெரிய தவறு. இதைப் பெற்றோர்களும் படிக்க வேண்டும்.

இளங்கலைக்கு வெளிநாடு போனால் நாம்தான் காசு கட்ட வேண்டும். அதை வைத்து, பிஎச்.டி.க்கு இன்னும் அதிகம் ஆகும் என்று நினைக்கிறோம். அறிவியலில் பெரும்பாலும் தலைகீழ். அங்கே முனைவர் மாணவர் ஒரு பேராசிரியரின் ஆய்வுக் குழுவில் வேலை செய்பவர். கல்விக் கட்டணத்தைப் பல்கலைக்கழகமோ ஆய்வு நிதியோ கட்டும். மாதச் செலவுக்கும் பணம் கொடுக்கும். தோட்டத்துப் பாஷையில் சொன்னால், இது பீஸ் கட்டிப் படிக்கிற படிப்பு இல்லை, சம்பளம் வாங்கிச் செய்கிற வேலை. நிதி இல்லாமல் வெறும் இடம் மட்டும் கொடுத்தால், அதை ஒப்புக்கொள்வதற்கு முன் பத்து முறை யோசியுங்கள்.

சிங்கப்பூர்: நமக்கு மிகப் பக்கம். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சிங்கப்பூர் புவி கண்காணிப்பு மையம் இருக்கிறது. தென்கிழக்காசிய எரிமலைகள்தான் அவர்களுடைய முக்கிய வேலை. உலக எரிமலைகளின் அமைதியின்மைப் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் 'வோவோடேட்' தரவுத்தளமும் அங்கேதான். முனைவர் மாணவர்களை ஆசியச் சுற்றுச்சூழல் கல்லூரி வழியாகச் சேர்க்கிறார்கள். பல்கலைக்கழகத்தின் ஆய்வு உபகாரச் சம்பளமும், வெளிநாட்டு மாணவர்களுக்கான 'சிங்கா' விருதும் உண்டு. ஒரே எரிமலைகூட இல்லாத தீவு, பக்கத்து வீட்டு நெருப்பைக் கவனிக்க மையம் கட்டியிருக்கிறது.

ஜப்பான்: தோக்கியோ பல்கலைக்கழகத்தின் நிலநடுக்க ஆய்வுக் கழகம், கியோத்தோ பல்கலைக்கழகத்தின் சகுராஜிமா ஆய்வு மையம், ஹொக்கைடோ, தொஹோக்கு பல்கலைக்கழகங்கள் பேர்பெற்றவை. 'மெக்ஸ்ட்' எனப்படும் ஜப்பானிய அரசு உபகாரச் சம்பளம் கல்விக் கட்டணம், மாதப்படி, விமானச் சீட்டு மூன்றையும் தருகிறது. கோலாலம்பூரில் உள்ள ஜப்பானியத் தூதரகம் மூலமாகவோ, நேரே பல்கலைக்கழகம் மூலமாகவோ விண்ணப்பிக்கலாம். வயது வரம்பு உண்டு, எனவே தள்ளிப்போடாதீர்கள்.

நியூசிலாந்து: முனைவர் பட்டத்துக்கு வரும் வெளிநாட்டு மாணவரிடம் அந்த அரசுப் பல்கலைக்கழகங்கள் உள்ளூர் மாணவரின் கட்டணத்தையே வாங்குகின்றன. கேன்டர்பரி, மாஸி, ஆக்லாந்து பல்கலைக்கழகங்களில் எரிமலை ஆய்வு பலமாக இருக்கிறது. ஆக்லாந்து நகரமே ஐம்பதுக்கு மேற்பட்ட சிறு எரிமலைகளின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

ஜெர்மனி, பிரான்ஸ்: பெரும்பாலும் வேலை ஒப்பந்தம். மூனிக், கீல், பாட்ஸ்டாம், கிளெர்மோன்-ஃபெரான், பாரிஸ் ஆகிய இடங்களில் குழுக்கள் இருக்கின்றன. மேலே சொன்ன ரெயூனியன் எரிமலைக்குப் போகும் வழி பாரிஸ் வழியாகத்தான்.

பிரிட்டன்: பிரிஸ்டல், லீட்ஸ், லங்காஸ்டர், லிவர்பூல். 2021 சேர்க்கையிலிருந்து அரசு ஆய்வு நிதி இடங்களில் முப்பது விழுக்காடு வரை வெளிநாட்டு மாணவர்களுக்குத் தரலாம் என்று விதி மாறியது. முன்பு நமக்கு ஏறத்தாழ மூடியிருந்த கதவு இது.

அமெரிக்கா: ஹவாய், ஒரேகான், வாஷிங்டன், அலாஸ்கா. வகுப்பு எடுக்கும் உதவியாளராகவோ ஆய்வு உதவியாளராகவோ சேர்த்துக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து சம்பளம் கொடுப்பார்கள். நல்ல இளங்கலை இருந்தால் முதுகலை இல்லாமலே நேரே முனைவர் பட்டத்தில் சேர்க்கும் துறைகளும் உண்டு. பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் விண்ணப்பம் முடிந்துவிடும்.

பேராசிரியருக்கு எழுதுவது எப்படி?

விண்ணப்ப பாரத்தை நிரப்புவது இரண்டாவது வேலை. முதல் வேலை, உங்கள் ஆய்வை வழிநடத்தக்கூடிய பேராசிரியரைக் கண்டுபிடித்து எழுதுவது. சேர நினைக்கும் காலத்துக்கு ஓராண்டு முன்பே தொடங்க வேண்டும்.

அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளில் இரண்டையாவது படியுங்கள். முழுதும் புரியாது. பரவாயில்லை. புரியாத இடத்திலிருந்து ஒரு நல்ல கேள்வி பிறக்கும். அந்தக் கேள்விதான் உங்கள் கடிதத்தின் உயிர். "நான் சிறு வயதிலிருந்தே எரிமலையை நேசிக்கிறேன்" என்று எழுதினால் அவர் அடுத்த கடிதத்துக்குப் போய்விடுவார். "உங்கள் கட்டுரையில் இந்தச் சாம்பல் அடுக்கைப் பற்றிச் சொல்லியிருக்கிறீர்கள். எங்கள் மாநிலத்தில் லெங்கோங்கில் தோபா சாம்பலை நான் அளந்திருக்கிறேன். இரண்டையும் ஒப்பிட முடியுமா?" என்று எழுதினால் நின்று படிப்பார்.

கடிதம் ஒரு பக்கம் போதும். யார் நீங்கள், என்ன படித்தீர்கள், என்ன செய்யத் தெரியும், என்ன கேள்வி, அவர் குழுவில் அடுத்த ஆண்டு நிதியோடு இடம் இருக்கிறதா. அவ்வளவே. ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பாதீர்கள், அது உடனே தெரிந்துவிடும். பதில் வரவில்லை என்றால் இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு முறை மரியாதையாக நினைவூட்டுங்கள். அப்புறமும் வரவில்லை என்றால் அடுத்தவருக்கு எழுதுங்கள். பத்துக் கடிதத்துக்கு இரண்டு பதில் வந்தாலே நல்ல கணக்கு.

இன்னொரு எச்சரிக்கை. "பிஎச்.டி. சீட் வாங்கித் தருகிறேன்" என்று முன்பணம் கேட்பவரை நம்பாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் நகையை அடகு வைத்து அப்படி ஒருவரிடம் கொடுத்தது. பணமும் போனது, அந்த ஆண்டும் போனது. ஆய்வு இடத்தை யாரும் விற்க முடியாது. பேராசிரியர் நேரே உங்களோடு பேசித்தான் தேர்ந்தெடுப்பார். நியாயமான செலவு என்றால் ஆங்கிலத் தேர்வு, விண்ணப்பக் கட்டணம், விசா போன்றவைதான்.

மறைக்காமல் சொல்ல வேண்டியவை

ஆபத்து இருக்கிறது. 1991 ஜூன் 3-ஆம் தேதி ஜப்பானின் உன்சென் மலையில் சுடுசாம்பல் வெள்ளம் பாய்ந்து 43 பேர் இறந்தார்கள். அதில் புகழ்பெற்ற ஆய்வாளர்களான கத்யா, மோரிஸ் கிராஃப்ட் தம்பதியரும் ஹாரி கிளிக்கனும் இருந்தார்கள். இன்று பெரும்பாலான வேலை ஆய்வுக்கூடத்திலும் கணினியிலும் நடக்கிறது. மலைக்குப் போனாலும் கடுமையான பாதுகாப்பு விதிகள் உண்டு. அம்மா கேட்டால் இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

நாட்டில் எரிமலை ஆய்வு நிலையம் இல்லாததால், திரும்பி வந்ததும் அந்தப் பெயரில் வேலை காத்திருக்காது. ஆனால் கற்ற வித்தை வீண் போகாது. 2022 டிசம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் பத்தாங் காலியில் கூடாரத்தில் தூங்கியவர்கள் மேல் மலை சரிந்ததே, 31 பேர் இறந்தார்களே, நமக்கு அது பக்கத்து ஊர். 2015-ல் ரானாவ் நிலநடுக்கம் கினபாலு மலையில் 18 உயிரை வாங்கியது. சரிவு நகர்வதைத் துணைக்கோளில் பார்ப்பதும், அதிர்வை அளப்பதும், ஆபத்து வரைபடம் போட்டு மக்களிடம் சொல்வதும் எரிமலைக்காரர் கற்றுக்கொள்ளும் அதே வேலைகள்தான். கனிமவள, புவி அறிவியல் துறை, வானிலைத் துறை, பல்கலைக்கழகங்கள், எரிசக்தி நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் அப்படிப்பட்டவர்கள் தேவை. ஈயம் தோண்டிய காலத்திலிருந்தே நிலவியலுக்குப் பேராக் தாய்வீடு மாதிரி.

காலமும் ஆகும். எஸ்.பி.எம். முடித்து எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன், பிறகு மூன்று நான்கு ஆண்டு பட்டம், தேவைப்பட்டால் முதுகலை, பிறகு மூன்று முதல் ஐந்து ஆண்டு ஆய்வு. தம்பி தங்கையைப் பார்க்க வேண்டிய குடும்பத்துக்கு இது நீண்ட காலம்தான். அதனால்தான் சம்பளம் வரும் கட்டம் எது என்று முன்பே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பாக்கி

அடுத்த வகுப்பில் எல்லோர் முன்னாலும் அந்தத் தங்கச்சியிடம் சொன்னேன். "அன்னைக்கு நான் சொன்னது தப்பும்மா. எரிமலை இல்ல. வெள்ளைக்காரன் படிப்பும் இல்ல. வீட்டையும் விக்க வேண்டாம்." அவள் உடனே சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள், "அப்போ கூடுதல் கணிதம் கண்டிப்பா எடுக்கணுமாண்ணே?"

"எடுக்கணும்மா."

"அதுலதான் நான் வீக்கு."

இதற்குச் சிரிப்பு பதில் இல்லை. வாரத்துக்கு ஒரு மாலை கூடுதல் கணித வகுப்பு தொடங்கியிருக்கிறோம். ஏழு பேர் வருகிறார்கள். எல்லோரும் எரிமலைக்குப் போகப்போவதில்லை. ஒருவராவது போகட்டும். இல்லை, போக வேண்டாம் என்று அவர்களே யோசித்து முடிவு செய்யட்டும். என் சிரிப்புக்குப் பயந்து யாரும் நின்றுவிடக் கூடாது.

கிளை வகுப்பில் கலந்துரையாட:

1. உலு சிலிம் தண்ணீர் ஏன் சுடுகிறது? எரிமலை வெந்நீருக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

2. அர்மெரோவிலும் பினாதுபோவிலும் நடந்ததை ஒப்பிடுங்கள். நம் வட்டாரத்தில் வெள்ள எச்சரிக்கை வந்தால் நம்மவர்கள் உடனே கேட்கிறார்களா? கேட்காவிட்டால் ஏன்?

3. உங்களுக்குப் பிடித்த பாடம் எது? மேலே சொன்ன கதவுகளில் எது அதற்குப் பொருந்தும்?

4. ஒரு பிள்ளையின் கேள்வியை நீங்கள் எப்போதாவது சிரித்து அடக்கியிருக்கிறீர்களா? இந்த வாரம் அந்தப் பிள்ளையைத் தேடிப் போய்ப் பேசுங்கள்.

செய்து பார்க்க: அடுத்த விடுமுறையில் லெங்கோங் அருங்காட்சியகத்துக்கு ஒரு வேன் ஏற்பாடு செய்யுங்கள். 74,000 ஆண்டு பழைய சாம்பலின் கதையைப் பிள்ளைகளுக்கு அங்கேயே சொல்லுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பதில் தெரியாத கேள்விக்கு, "தெரியாதும்மா, தேடிச் சொல்றேன்" என்று சொல்லப் பழகுங்கள். நான் இப்போதுதான் பழகிக்கொண்டிருக்கிறேன்.